ஒரு நானோ நொடிக்கு ஒரு செருப்பு

வலது செருப்பின் குதிகாலை இடது செருப்பின் மூக்கில் முட்டவைத்து, அப்புறம் இடதை வலதுக்கு முன்னால் முட்டவைத்து, இப்படியே நானோ அக்கா மாடிப்படியடியிலிருந்து தெருக்கதவுவரை வந்து சேர்ந்தபோது எண்ணிக்கை இருபத்தாறு. நேற்றும் இருபத்தாறு. முந்தாநாளும் அதேதான். கட்டடம் ராத்திரியோடு ராத்திரியாக எழுந்து நகர்ந்துவிடாது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் ஒரு தடவை பார்த்துக்கொண்டால் யாருக்கு என்ன நஷ்டம்? "சரியா இருக்கு" என்று கதவிடம் சொன்னாள். கதவைச் சாத்தினாள். இழுத்துப் பார்த்தாள். நாலு எட்டு போனவள் திரும்பி வந்து மறுபடி இழுத்துப் பார்த்தாள்.

அவளுக்குப் பின்னாலேயே குதிகால் முட்டி நடந்துவந்த மூன்றாம் மாடிப் பிள்ளைகள் இரண்டு பேரும், அவள் திரும்பியதும் வாயைப் பிளந்து வானத்தைப் பார்த்தார்கள்.

"வானத்துல என்னடா இருக்கு?"

"உங்க ஆபீஸ் சாமான் எல்லாம் பத்திரமா இருக்கான்னு பாத்தோம் அக்கா."

"இருக்கு இருக்கு. போய் முதல்ல பல்ல விளக்குங்க."

அந்தச் செருப்பு ஆண்கள் கடையில் வாங்கியது. பெண்கள் கடையில் அவள் அளவுக்குப் பெட்டியே வருவதில்லை. முனைக்கு முனை சரியாக ஓர் அடி. "உன் காலை நீட்டுனா பாலமே வேணாம்க்கா" என்று தம்பி சொல்லுவான். தம்பி என்றால் சின்னப் பையன் இல்லை, உச்சியில் வழுக்கை விழுந்த ஆள். கழிமுகத்தைக் கடந்து இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் போய்வரும் பயணிகள் படகை ஓட்டுகிறவன். அக்காவும் அவன் குடும்பத்தோடுதான் இருக்கிறாள். வேலைக்குப் போவதும் வருவதும் அவன் படகில்தான்.

அவளுக்கு வேலை, வானத்தில் இருக்கிற கடிகாரங்களைத் திருத்துவது. போனில் வரைபடத்தைத் திறந்தால் நாம் நிற்கிற இடத்தில் ஒரு நீலப் புள்ளி மினுக்குகிறது இல்லையா, அந்தப் புள்ளி சும்மா வந்துவிடாது. மேலே சுற்றுகிற செயற்கைக்கோள்கள் ஒவ்வொன்றின் வயிற்றுக்குள்ளும் ஓர் அணுக் கடிகாரம். "இப்போ மணி இத்தனை, இப்போ மணி இத்தனை" என்று அவை ஓயாமல் கத்திக்கொண்டே இருக்கும். அந்தக் கத்தல் நம்மிடம் வந்து சேர எவ்வளவு நேரம் பிடித்தது என்பதை வைத்துத்தான் தூரம் கணக்காகிறது. கடிகாரம் பொய் சொன்னால் தூரமும் பொய். எப்பேர்ப்பட்ட கடிகாரமும் கொஞ்சம் முந்தும், கொஞ்சம் நொண்டும். கீழே ஒரு ஆள் உட்கார்ந்து "ஏழாம் நம்பர் இன்னைக்கு மூணு பிந்துது" என்று கண்டுபிடித்து, அந்த மூன்றைத் திருத்தமாக மேலே அனுப்பியாகவேண்டும். மூன்று நொடி இல்லை, மூன்று நானோ நொடி. ஒரு நொடியை நூறு கோடித் துண்டாக நறுக்கினால் அதில் ஒரு துண்டுக்குப் பேர் நானோ நொடி. அந்தத் துண்டு நேரத்துக்குள் சிக்னல் ஓடிவிடுகிற தூரம் ஓர் அடி. அதாவது அக்காவின் ஒரு செருப்பு.

இப்படிப்பட்டவளிடம் கட்டடத்தில் யாரும் மணி கேட்பதில்லை. கேட்டால் "எந்த மணி?" என்பாள்.

ஒருமுறை மாடிப்படிச் சுவர்க் கடிகாரத்தை யாரோ பத்து நிமிஷம் பின்னால் திருகி வைத்தார்கள். யார் என்பது இங்கே தேவையில்லை. உலகத்துக்கே நேரம் பார்க்கிறவள் கண்டுபிடிக்கிறாளா என்று ஒரு சோதனை, அவ்வளவுதான். மூன்று நாள் அதை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போய்வந்தாள், கண்டுபிடிக்கவில்லை. நாலாம் நாள் அதை நம்பிப் படகைத் தவறவிட்டு ஒரு மணி நேரம் மழையில் நின்றாள். அன்று சாயங்காலமே கடிகாரம் திருந்திவிட்டது. அக்காவின் கதவோரம் பேர் எழுதாத ஒரு குடையும் சாய்ந்து நின்றது. "யாருதுன்னு தெரியாத குடைக்குள்ள தேள் இருக்கும்" என்று மூன்று நாள் அதைத் தொடாமல் வைத்திருந்தாள்.

அவள் பயங்களைப் பட்டியல் போட்டால் இந்தப் பத்திரிகை தாங்காது. அடுப்பை அணைத்தேனா, குழாயைத் திருகினேனா. ஒரு தடவை பாதி ஆற்றில் "இஸ்திரிப் பெட்டி!" என்று எழுந்து நின்றாள். வீட்டில் இஸ்திரிப் பெட்டியே கிடையாது. "அண்ணி, நீங்க பயப்படலன்னாத்தான் எனக்குப் பயமா இருக்கு" என்பாள் தம்பி மனைவி.

ஆனால் ஒரு பயத்துக்கு மட்டும் உருப்படியான காரணம் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள், ஒரு கடிகாரத்துக்கு ஆறைக் கழிக்கவேண்டிய இடத்தில் ஆறைக் கூட்டி அனுப்பிவிட்டாள். ஆறு பிசகியிருந்தது பன்னிரண்டாகப் பிசகியது. பதினோரு நிமிஷத்தில் கண்டுபிடித்து மாற்றிவிட்டார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எங்கேயோ ஒரு வயலில் ஆளில்லாமல் விதை போட்டுக்கொண்டிருந்த டிராக்டர் மட்டும் கோணிக்கொண்டு பக்கத்து வயலுக்குள் புகுந்துவிட்டது. வயல்காரர் படத்தோடு புகார் எழுதியிருந்தார். பயிர் முளைத்தது, கோணலாகவே முளைத்தது. நிலையத்தில் தவறுகளைச் சிவப்பு மையால் எழுதும் ஏடு ஒன்று உண்டு. அதில் அக்காவுக்கு ஒரு பக்கம் விழுந்தது. அந்தக் கோணல் பயிரின் படத்தைத் தன் அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறாள். அன்றிலிருந்து எதை அனுப்பினாலும் திரையில் அந்தக் குறியின்மேல் விரலை வைத்து, ஊர் கேட்க, "கூட்டலா? கழித்தலா?" என்று கேட்பாள். கூட வேலை பார்ப்பவர் வாய்விட்டுப் பதில் சொல்லியாகவேண்டும். அவருக்குப் பேர் குறட்டை. ஓய்வறையில் சம்பாதித்த பேர்.

தம்பி விஷயத்துக்கு வருவோம். படகுத்துறையின் வாயில் இரண்டு கல்சுவர்கள். அதற்கு நடுவில்தான் படகு நுழையவேண்டும். படகின் அகலம் போக ஒரு பக்கத்துக்குப் பத்தடி மிச்சம். வெயில் நாளில் தூங்கிக்கொண்டே ஓட்டலாம். பனி மூடிவிட்டால் சுவர் கண்ணுக்குத் தெரியாது. சுக்கானுக்கு மேலே இருக்கிற திரையில் ஒரு பச்சைக் கோடு, அதைப் பிடித்துக்கொண்டுதான் போகவேண்டும். அந்தக் கோடு செயற்கைக்கோள் சொல்லி வருகிற கோடு. மற்றவர்களுக்குப் பத்தடி என்பது பத்தடி. அக்காவுக்கு அது பத்து நானோ நொடி. தம்பியின் உயிருக்கு இந்தப் பக்கம் பத்து, அந்தப் பக்கம் பத்து. இதைத் தெரிந்துகொண்டு ஒரு மனுஷி எப்படி நிம்மதியாகச் சாப்பிடுவாள்?

அதனால் "இன்னைக்குப் போகாத" என்று இதுவரை பதினோரு தடவை அவனுக்கு போன் போட்டிருக்கிறாள். கடைசித் தடவை நல்ல வெயில். கெட்ட கனவு கண்டதாகச் சொன்னாள். "எங்க அக்காவுக்குக் கனவு வந்துச்சு, எல்லாரும் இறங்குங்கன்னு சொல்லவா?" என்று கேட்டு வைத்துவிட்டான். அவன் போனில் அவள் பேர் 'அபாயச் சங்கு'.

இன்றைக்கு விடிந்தபோதே பனி. எட்டு மணிப் படகில் அவளை இறக்கிவிடும்போது "பத்து மணி நடைக்குள்ள கலைஞ்சிரும்க்கா, மூஞ்சியை அப்படி வச்சுக்காத" என்றான். கலையவில்லை.

நிலையத்தில் அவள் உட்காரும் அறைக்கு ஜன்னல் கிடையாது. குளிரூட்டி எப்போதும் ஓடும். போன் உள்ளே வரக்கூடாது. வெளியே சுவரில் புறாக்கூண்டு மாதிரி மரத்தடுப்புகள், அதில் வைத்துவிட்டு வரவேண்டும். ராத்திரி முழுக்கச் சேர்த்த அளவுகளைக் கூட்டிக் கழித்து, எது எவ்வளவு பிசகு என்று கருவி காலை ஒன்பதுக்குச் சொல்லும். பத்துக்குத் திருத்தம் மேலே போகும். இதுதான் அன்றாடம்.

ஒன்பதுக்குக் கணக்கு வந்தது. குறட்டை கொட்டாவியைப் பாதியில் மூடினார்.

"நானோ, இங்க பாரு. ஆறும் போச்சு."

கூரைமேல் சிக்னல் பிடிக்கும் கிண்ண ஆன்டெனா பார்த்துக்கொண்டிருந்த ஆறு செயற்கைக்கோள்களும் பிந்தியிருந்தன. ஏழாம் நம்பர் பதினேழு. மற்றவை பதினாலு, பதினாலு, பதினைந்து, பதினாலு, பதினாலு. பதினாலு அடி. சுவருக்கு மிச்சம் பத்தடி.

மேலாளர் வந்து அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். நல்ல மனுஷர். விதிப்புத்தகம் இல்லாமல் தும்மக்கூட மாட்டார். "பத்துக்கு மேல விலகினா தள்ளிப்போடவே கூடாதுன்னு விதி. பத்து மணிக்குள்ள ஆறுக்கும் அனுப்பிடுங்க."

"ரெண்டாவது நிலையத்துல ஒரு தடவை கேட்டுட்டு, சார்..."

"அங்க கிண்ணத்துக்குப் பெயின்ட் அடிக்கிறாங்க. இந்த வாரம் பூரா மூடிதான் இருக்கும்."

ஆறு வரியையும் நிரப்பினாள். ஒவ்வொரு குறியின்மேலும் விரல். "கூட்டலா? கழித்தலா?" குறட்டை ஆறு தடவையும் பதில் சொன்னார். எல்லாம் சரி. அனுப்பும் பொத்தான்மேல் விரல் போய் நின்றது. அழுத்தவில்லை.

"ஆறும் எப்படி ஒரே அளவுல பிந்தும்? பேசி வச்சுக்கிட்டா?"

"சங்கம் ஆரம்பிச்சிருக்கும்" என்றார் குறட்டை.

"விளையாடாதீங்க. ஆறு பிள்ளைங்க ஒரே நேரம் லேட்டா வந்தா, பிள்ளைங்க மேல தப்பா, பள்ளிக்கூட மணி மேல தப்பா?"

"நம்ம மணி மூணு கடிகாரம் வச்சு ஓடுதும்மா. மூணும் ஒத்துப்போகுது, நானே பாத்தேன்" என்றார் மேலாளர். குரலில் கோபம் இல்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அவள் நிலைமை இதுதான். பிசகு மேலே இருந்து, அவள் அனுப்பாமல் விட்டால், பொய்க் கடிகாரங்களை நம்பித் தம்பி பனிக்குள் நுழைவான். பிசகு கீழே இருந்து, அவள் அனுப்பிவிட்டால், நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஆறையும் அவளே கெடுப்பாள். எல்லாம் சேர்ந்து ஒன்றாகப் பிசகினால்கூட படகுக் கருவி சமாளித்துக்கொள்ளும். இந்த ஆறு ஒரு கட்சி, வானத்தில் மீதி இருக்கிற செயற்கைக்கோளெல்லாம் வேறு கட்சி என்று ஆனால்தான் வினை. பச்சைக் கோடு எந்தச் சுவர் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியாது. பொத்தானை அழுத்தினாலும் ஆபத்து, அழுத்தாவிட்டாலும் ஆபத்து. மணி ஒன்பது முப்பத்தொன்று.

"முகம் கழுவிட்டு வரேன்" என்று வெளியே போனாள். முகம் கழுவவில்லை. புறாக்கூண்டிலிருந்து போனை எடுத்தாள்.

"சங்கு ஊதிருச்சா?" என்றான் தம்பி. பின்னால் ஆட்கள் ஏறும் சத்தம்.

"பத்து மணி நடை வேணாம்டா."

"கனவா, கணக்கா?"

அவளால் ஒரே வார்த்தையில் அவனை நிறுத்தியிருக்க முடியும். கணக்கு என்றால் நிறுத்திவிடுவான்; அவள் கணக்கைப் பற்றி அவனுக்கு அவ்வளவு மரியாதை. அதனாலேயே அவளுக்குப் பொய் வரவில்லை.

"இன்னும் தெரியலடா."

"தெரிஞ்சா சொல்லு. இங்க தொண்ணூறு பேர் ஏறிட்டிருக்காங்க." வைத்துவிட்டான்.

போனைத் திரும்ப வைக்கும்போது மேலே போட்டிருந்த நிலையத்துக் கோட்டின் பையில் ஏதோ விரலில் இடறியது. எடுத்துப் பார்த்தாள். சின்ன மஞ்சள் பிளாஸ்டிக் மூடி. புதுக் கம்பிகளின் முனையில் தூசி அடையாமல் மாட்டியிருப்பார்களே, அது.

அங்கேயே நின்றுவிட்டாள்.

நேற்று சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பும்போது, கூரைக் கிண்ணத்திலிருந்து இறங்கி வரும் வயரைக் கருவியோடு சேர்க்கும் கம்பியில் ஒரு மடிப்பைப் பார்த்தாள். தலைமுடி அளவு மடிப்பு. வேறு யாராக இருந்தாலும் விட்டிருப்பார்கள். அவளுக்கு அன்று தூக்கம் வராது என்று அவளுக்கே தெரிந்ததால், கொக்கியில் தொங்கிய புதுக் கம்பியை எடுத்து மாட்டிவிட்டாள். கருவியில் கம்பியின் நீளம் கேட்கும் கட்டத்தில் பழைய நீளத்தையே விட்டுவிட்டாள். இரண்டும் ஒரே அளவு வளையமாகச் சுருட்டியிருந்தன, பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி. அடுப்பை, கதவை, இல்லாத இஸ்திரிப் பெட்டியைச் சந்தேகப்பட்டவள் இதை மட்டும் சந்தேகப்படவில்லை. பயத்துக்கு மருந்தாகச் செய்த காரியம் அல்லவா. மருந்தையும் சந்தேகப்பட்டால் மனுஷி எங்கே போவாள்?

உள்ளே ஓடினாள். அவள் ஓடி அந்த நிலையத்தில் யாரும் பார்த்ததில்லை. கழித்த சாமான் போடும் பெட்டியிலிருந்து பழைய கம்பியை இழுத்துத் தாழ்வாரத்துத் தரையில் நீட்டினாள். குதிகால், மூக்கு, குதிகால், மூக்கு. இருபத்திரண்டு.

"அதையும் கழட்டுங்க."

"கழட்டுனா சிக்னல் போயிரும்" என்றார் குறட்டை.

"போகட்டும், கழட்டுங்கன்னா!"

புதுக் கம்பி தரையில் நீண்டது. மேலாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அக்கா நடந்தாள். இருபத்திரண்டைத் தாண்டியும் கம்பி போய்க்கொண்டே இருந்தது. முப்பத்தொன்று.

"ஒன்பதுதானே கூட? திரையில பதினாலு காட்டுதே?" என்று கேட்டார் குறட்டை.

"கம்பி நீண்டா சிக்னல் அத்தனையும் பிந்தித்தான் வரும், அதுலயும் கம்பிக்குள்ள அது நொண்டும். வெளியில ஒரு அடி ஓடுற நேரத்துல உள்ள மூணுல ரெண்டு பங்கு கூடத் தாண்டாது. போட்டுப் பாருங்க."

குறட்டை கணக்குப் போட்டார். உதடு அசைந்தது. "பதினாலு" என்றார், கொஞ்சம் பயந்தவர் மாதிரி. "அச்சுக் குத்துனாப்ல பதினாலு."

மேலாளர் ஆறு வரிகளையும் பார்த்தார். தரையில் கிடந்த கம்பியைப் பார்த்தார். "யார் இதை மாத்துனது?"

"சார், அது பழசு, எப்பவோ..." என்று குறட்டை ஆரம்பித்தார். தூங்குகிற ஆளுக்கும் நல்ல மனசு இருக்கும் என்பதற்கு அது சாட்சி.

"நான்தான் சார். நேத்து சாயங்காலம். நீளத்தை மாத்தி எழுதல" என்றாள் அக்கா. பிறகு தானே போய்ச் சிவப்புப் பேனாவை எடுத்துவந்தாள்.

புதுக் கம்பியைத் திரும்ப மாட்டி, சரியான நீளத்தைக் கொடுத்து, ராத்திரி அளவுகளையே மறுபடி கணக்குப் போடவிட்டுக் காத்திருந்தார்கள். கருவி தன் இஷ்டத்துக்கு நிதானமாக யோசித்தது. ஒன்பது ஐம்பத்திநாலுக்கு எண்கள் வந்தன. பூஜ்யம், பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், பூஜ்யம். ஏழாம் நம்பர் மட்டும் மூன்று. அது எப்போதும் நொண்டிதான். ஐந்து வரிகளை அழித்தாள். மீதி ஒன்றின் குறியில் விரலை வைத்தாள். "கூட்டலா? கழித்தலா?" பதிலை இரண்டு தடவை சொல்லவைத்தாள். அழுத்தினாள்.

வெளியே வந்து போனை எடுத்தாள்.

"கணக்குடா. சரியா இருக்கு." மூச்சு வாங்கினாள். "போயிட்டு வா."

பன்னிரண்டு தடவை 'போகாத' கேட்ட காது அது. "அக்கா," என்றான், "நிஜமா நீதான் பேசுறியா?"

கழிமுகத்தைத் தாண்ட இருபத்தைந்து நிமிஷம். அந்த இருபத்தைந்து நிமிஷத்தில் அவள் நாலு தடவை புறாக்கூண்டுக்குப் போய்வந்தாள். கணக்கு சரி என்று அவளுக்குத் தெரியும். டிராக்டர் வயலுக்குள் புகுந்த அன்றைக்கும் கணக்கு சரி என்றுதான் தெரிந்திருந்தது. தம்பி சேர்ந்துவிட்டால் சேர்ந்துவிட்டேன் என்று சொல்கிற பழக்கம் உள்ளவன் இல்லை. கூப்பிட்டாலும் சுக்கானில் இருக்கும்போது எடுக்கமாட்டான். பதினொன்று ஆனது, பன்னிரண்டு ஆனது. சிவப்பு மைப் பக்கத்தை எழுதி முடித்தாள். எழுத்து நேராகத்தான் இருந்தது. குறட்டை டீ கொண்டுவந்து வைத்தார், ஆறியது, எடுத்துப்போய் வேறு கொண்டுவந்தார். அதுவும் ஆறியது. "படகு முட்டியிருந்தா இதுக்குள்ள சங்கு கேட்டிருக்கும், நானோ" என்று ஆறுதல் சொன்னார். ஜன்னல் இல்லாத அறையில் சங்கு எப்படிக் கேட்கும் என்று அவள் யோசிக்க ஆரம்பித்துவிட்டாள்.

இரண்டு மணிக்கு வேலை முடிந்தது. படித்துறைவரை குதிகால் முட்டாமல் நடந்தாள். கால் அவசரத்தில் இருந்தது. பனி இன்னும் தண்ணீர்மேல் படுத்துக்கிடந்தது. முதலில் இன்ஜின் சத்தம். ரொம்ப நேரம் வெறும் சத்தம்தான். அப்புறம் வெள்ளைக்குள் ஒரு விளக்கு, மூக்கு, கடைசியில் ஒரு வழுக்கைத் தலை.

படகு வந்து துறையில் அணைந்தது. கயிறு விழுந்தது. எப்போதும் ஏறுவதற்கு முன்னால் அவள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு, இன்றும் கேட்டாள். "சுவர்லேந்து எத்தனை அடி?"

"பத்து" என்றான் தம்பி. எப்போதும் சொல்கிற பதில்.

அக்கா துறையின் விளிம்புக்கு வந்தாள். குதிகாலைக் கல்லில் பதித்து, செருப்பைத் தண்ணீருக்கு மேலே நீட்டினாள். மூக்கு படகின் விளிம்பில் சரியாகப் போய் முட்டியது. "ஒண்ணு" என்று எண்ணினாள்.

"காலை எடுக்கா, நசுங்கிரும். பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க."

அவள் எடுக்கவில்லை. படகு ஏறி இறங்கியது. கூடவே கால் ஏறி இறங்கியது.